மிசாவாவின் பச்சை: ஜப்பானிய மல்யுத்த மேதைகளின் சோஃபூபி பொம்மைகள் குறித்து ஒரு மதிப்பீடு

என் எழுதுமேசையின் வலது ஓரத்தில், வெயில் நேராக விழாத இடமாகப் பார்த்து, மிட்சுஹாரு மிசாவாவின் பொம்மை ஒன்றை நான்கு ஆண்டுகளாக நிறுத்தி வைத்திருக்கிறேன். அதன் உயரம் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர். கழுத்து, இரண்டு தோள்கள், இடுப்பு ஆகிய இடங்களில் மட்டும்தான் அது திரும்பும். முழங்கையோ முழங்காலோ மடங்காது. இன்றைக்குச் சந்தையில் கிடைக்கும் முப்பது மூட்டுப் பொம்மைகளுக்குப் பழகியவர்கள் இதைக் கையில் எடுத்தவுடன், இவ்வளவுதானா என்று கேட்கிறார்கள். ஆனால் 1990களின் ஜப்பானிய மல்யுத்தத்தைப் பார்த்து வளர்ந்த ஒருவர் என் அறைக்கு வந்தபோது, அதன் முதுகுப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மிசாவாவின் பெயரைச் சொன்னார். சற்றே இறங்கிய தோள்கள், தடித்த முன்கை, நீளமான பச்சை டைட்ஸ் ஆகிய மூன்றும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

இந்த மதிப்பீடு அத்தகைய பொம்மைகளைப் பற்றியது. ஜப்பானில் இவற்றை 'சோஃபூபி' என்று அழைக்கிறார்கள். சாஃப்ட் வினைல் என்ற சொற்களை ஜப்பானிய நாக்கு சுருக்கிக்கொண்ட வடிவம் அது. 1990களின் பிற்பகுதியிலிருந்து கியாராப்ரோ என்ற நிறுவனம் மல்யுத்த வீரர்களை இந்த வகையில் வரிசையாக வெளியிட்டது; ஹாவோ என்ற பெயரிலும் ஒரு பெரிய வரிசை உண்டு. பழைய வீரர்களைச் சேகரிக்க நினைக்கும் எவரும் முதலில் எதிர்கொள்ளும் பெயர்கள் இவை இரண்டும்தான். இவற்றுக்கு எதிர்ப்புறத்தில், ஸ்டார்ம் கலெக்டிபிள்ஸ் நிறுவனத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவிலான, நியூ ஜப்பான் என்ற மல்யுத்த நிறுவனத்து வீரர்களின் வரிசையும், சூப்பர்7 நிறுவனத்தின் 7 அங்குல 'அல்டிமேட்ஸ்' வரிசையும் நிற்கின்றன. பின்னவை இரண்டும் மூட்டுகள் நிறைந்தவை. மாற்றிப் பொருத்தும் கைகளோடு பெரிய பெட்டியில் வருபவை. இரு வகைகளையும் பல ஆண்டுகள் வாங்கி, நிறுத்தி, துடைத்து, இடம் மாற்றிப் பார்த்த பிறகு, ஜப்பானிய மேதைகளைப் பொறுத்தவரை சோஃபூபியே மேல் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். அந்த முடிவுக்கு ஒரு முக்கியமான விதிவிலக்கும் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

சோஃபூபி செய்யும் முறையைத் தெரிந்துகொண்டால் அதன் அழகு எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். சிற்பி வடித்த உருவத்தை மெழுகில் பிரதி எடுத்து, அந்த மெழுகின்மேல் மின்முலாம் முறையில் தாமிரத்தைப் படியச் செய்து, உள்ளே உள்ள மெழுகை உருக்கி வெளியேற்றினால் கிடைக்கும் தாமிரக் கூடுதான் அச்சு. அதற்குள் திரவ வினைலை ஊற்றிச் சூடான எண்ணெயில் இறக்கும்போது, அச்சின் சுவரை ஒட்டியுள்ள மெல்லிய படலம் மட்டும் முதலில் இறுகும். மீதியைக் கொட்டிவிட்டு, அச்சை மறுபடியும் சூடேற்றி, வினைல் இளஞ்சூட்டில் ரப்பரைப் போல் நெகிழ்ந்திருக்கும்போதே தொழிலாளி அதை இடுக்கியால் கவ்வி அச்சின் வாய் வழியாக வெளியே இழுக்கிறார். அச்சு இரண்டு பாதிகளாகப் பிளக்கப்படுவதில்லை என்பதால், ஒட்டுக்கோடு எங்கும் விழுவதில்லை. காதுமடலின் பின்புறம், அக்குள் குழிவு, விலாவின் மடிப்பு என்று எல்லாம் ஒரே தோலாக வந்துவிடுகின்றன.

மல்யுத்த வீரர்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், அவர்கள் பெரும்பாலும் வெற்றுடம்போடு நிற்பவர்கள். போர்வீரனுக்குக் கவசமும் விண்வெளி வீரனுக்கு உடுப்பும் மூட்டுகளை மறைத்துக் கொடுக்கின்றன. அன்டோனியோ இனோக்கிக்கு இருந்ததெல்லாம் ஒரு குட்டையான கருப்பு ட்ரங்க்ஸ், கருப்புக் காலணி, கழுத்தில் ஒரு சிவப்புத் துண்டு மட்டுமே. அவருடைய தொடையிலும் மார்பிலும் மூட்டுக்காக வெட்டு விழுந்தால், அந்த வெட்டைத்தான் கண் முதலில் பார்க்கிறது, அவரைப் பார்ப்பதில்லை. இரட்டை மூட்டு வைத்த முழங்கை, புஜத்தின் திரட்சியைப் பாதியில் நறுக்கிவிடுகிறது. அடிவயிற்றில் மூட்டு வைத்தால் வயிற்றுக்குரிய இயல்பான கனமே போய்விடுகிறது. ஜப்பானிய மேதைகள் பலருக்கு வயிறு உண்டு, அதை அவர்கள் மறைத்ததும் இல்லை.

இங்கே ஜயன்ட் பாபாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1938இல் பிறந்து, யோமியூரி ஜயன்ட்ஸ் அணியில் பேஸ்பால் பந்துவீச்சாளராக இருந்து, பிறகு ஜப்பானிய மல்யுத்தத்தின் முன்னோடியான ரிக்கிடோசானிடம் சீடராகச் சேர்ந்து, 1972இல் ஆல் ஜப்பான் என்ற மல்யுத்த நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். 209 சென்டிமீட்டர் உயரமுள்ள அந்த மனிதரின் உடலமைப்பு எந்த நாட்டு அழகு இலக்கணத்துக்குள்ளும் அடங்காது. உயரத்துக்குப் பொருந்தாத ஒடுங்கிய மார்பு, மெலிந்து நீண்ட கைகள், 'பதினாறு மோன் உதை' என்று ரசிகர்கள் காலணி அளவைச் சொல்லியே பெயர் வைத்த பிரம்மாண்டமான பாதம். என்னிடமுள்ள சோஃபூபி பாபாவை வடித்த சிற்பி இவற்றில் ஒன்றையும் திருத்தவில்லை. சிவப்பு ட்ரங்க்ஸுக்கு மேலே விலாவெலும்புகளின் நிழல் மெலிதாகத் தெரிகிறது. தோள் எலும்பு முன்னோக்கிச் சற்று வளைந்திருக்கிறது. முதிய வயதில் மல்யுத்த மேடையில் ஏறி, இளையவர்களோடு சிரித்துக்கொண்டே ஆடிய பாபாவின் அயர்ச்சியும் கனிவும் அந்த முகத்தில் இருக்கின்றன. தசையை ஏற்றி நாயகனாக்கும் ஆசை எந்தப் பொம்மைத் தொழிற்சாலைக்கும் வரும். அந்த ஆசைக்கு இணங்காத சிற்பியை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

பாபாவோடு வரும் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டில் ஒரு பங்கு என்ற கணக்கைக் கறாராகப் பின்பற்றினால் பாபா 17.4 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஜுஷின் தண்டர் லைகர் 14.2 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மூன்று சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வித்தியாசம் அலமாரியில் பளிச்சென்று தெரியும். சோஃபூபி உலகில் இந்தக் கணக்கு தளர்வாகவே பேணப்படுகிறது. என் தட்டில் பாபா மற்றவர்களைவிட உயரமாகத்தான் நிற்கிறார். ஆனால் உண்மையில் இருந்த அளவுக்கு இல்லை. நான் அவரைத் தனித் தட்டில் நிறுத்தியிருப்பதற்கு இதுவே காரணம்.

இந்தச் சேகரிப்பின் மையம் என்று நான் கருதுவது 'ஷிடென்னோ' எனப்படும் நால்வரை. பௌத்த மரபில் நான்கு திசைகளைக் காக்கும் தேவர்களின் பெயரை, ஆல் ஜப்பானின் மிசாவா, தோஷியாக்கி கவாடா, கென்டா கோபாஷி, அகிரா தாவே ஆகியோருக்கு ரசிகர்கள் சூட்டினார்கள். மிசாவாவுக்குப் பச்சை, கவாடாவுக்குக் கருப்பும் மஞ்சளும், கோபாஷிக்கு ஆரஞ்சு, தாவேக்குச் சிவப்பு. புதோகான் அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் யார் யாரென்று புரிவது இந்த வண்ணங்களால்தான். ஆகவே இந்த நால்வரின் பொம்மைகளில் முகச்சாயலுக்கு இணையாக வண்ணத்தையும் சோதிக்க வேண்டும். மிசாவாவின் பச்சை மரகதப் பச்சை. வெற்றிலைப் பச்சையாகவோ பாசிப் பச்சையாகவோ இருந்தால் அது அவர் இல்லை. என் பிரதியில் அந்தப் பச்சை சரியாக விழுந்திருக்கிறது. பக்கவாட்டில் வெள்ளி நிறம் சேரும் கோடு மட்டும் இடது காலில் ஒரு நூலளவு பிசகியிருக்கிறது. பகுதி வெட்டிய உலோகத் தகட்டை மேலே வைத்துத் தெளிப்பானால் அடிக்கும் முறையில் இத்தகைய சிறு பிசகு வருவது இயல்பு. அதை நான் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

நால்வரும் சேர்ந்தால் 1995 ஜூன் 9ஆம் தேதியின் இணையர் ஆட்டத்தை அலமாரியில் அமைத்துவிடலாம். ஒரு பக்கம் மிசாவாவும் கோபாஷியும், எதிர்ப்பக்கம் கவாடாவும் தாவேயும். கவாடா முதன்முறையாக மிசாவாவின் தோள்களைத் தரையில் பதித்து மூன்று எண்ண வைத்து வென்ற ஆட்டம் அது. அன்று கட்டுப்போட்ட காலோடு ஆடிய கோபாஷி, அடிபட்டுக் கிடந்த மிசாவாவின்மேல் தன் உடலைப் போர்த்திக் காத்த காட்சியைச் சோஃபூபியால் காட்ட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இவை நிற்கும் பொம்மைகள்; ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய நொடியைத்தான் இவற்றால் தர முடியும். எனக்கு அந்த நொடி போதும். இனோக்கி 1976 ஜூன் 26 அன்று முகமது அலிக்கு எதிராகப் பதினைந்து சுற்றிலும் பெரும்பாலான நேரம் மல்லாந்து படுத்தபடி காலால் உதைத்த கோலத்தை விரும்புபவர்கள் மூட்டுப் பொம்மையைத்தான் நாட வேண்டும்.

நான் முன்னர் சொன்ன விதிவிலக்கு லைகர். 1989 ஏப்ரல் 24 அன்று தோக்கியோ டோமில் முதன்முதலாகத் தோன்றி, 2020 ஜனவரியில் அதே அரங்கில் விடைபெற்றவர். கொம்பும் கூர்முனைகளும் கொண்ட முகமூடி, அதன் பின்புறம் விரியும் நீண்ட முடி, உச்சி முதல் பாதம்வரை மூடிய சிவப்பு உடுப்பு ஆகியவற்றால் ஆனது அவருடைய உருவம். முழு உடுப்பு இருப்பதால் முழங்கை, முழங்கால் வெட்டுகள் துணியின் மடிப்புபோல் அடங்கிவிடுகின்றன. ஸ்டார்ம் கலெக்டிபிள்ஸின் லைகரைக் கையில் எடுத்தபோது, மூட்டுப் பொம்மைகளைப் பற்றிய என் மனத்தாங்கல் முழுவதும் நீங்கியது. முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, உள்ளங்கையை முன்னே நீட்டினால், எதிராளியின் தாடையை நோக்கிப் பாயும் 'ஷோத்தேய்' அடி கண்முன் வருகிறது. லைகர் அசைவாலேயே வாழ்ந்தவர். அசையாத லைகர் எனக்கு எப்போதும் அரைகுறையாகவே தோன்றியிருக்கிறார். கொம்பின் நுனிகள் மெல்லியவை என்பதால் கையாளும்போது தலையைப் பிடிக்காமல் இடுப்பைப் பிடிப்பது நல்லது.

இதே வாதத்தை முதல் டைகர் மாஸ்க் சதோரு சாயாமாவுக்கும் நீட்டலாமா என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். 1981 ஏப்ரல் 23 அன்று குராமாயே அரங்கில் டைனமைட் கிட்டுக்கு எதிராக அவர் பறந்ததைப் பார்த்தவர்களுக்கு, மண்ணில் கால்பதித்து நிற்கும் சோஃபூபி ஏமாற்றம் தரலாம். ஆனாலும் அவர் மேலாடை அணியாதவர். மார்பு வெட்டுப்படும் சிக்கல் அங்கே திரும்ப வந்துவிடுகிறது. அவருடைய பொம்மையை வாங்கும்போது முகமூடியின் கருப்பு வரிகளை மட்டும் கூர்ந்து பாருங்கள். இரண்டு கண்களின் மேலும் வரிகள் ஒரே கோணத்தில் ஏறாவிட்டால் புலி உறங்குவதுபோல் ஆகிவிடும்.

இந்திய வாசகர்களுக்கு ஒரு செய்தி: பஞ்சாபில் பிறந்த டைகர் ஜீத் சிங்கும் இந்த மேதைகளின் வரிசையில் இருக்கிறார். 1973 நவம்பரில், ஷின்ஜுகுவின் இசெதான் பேரங்காடிக்கு வெளியே, மனைவியோடு வந்த இனோக்கியைப் பட்டப்பகலில் தாக்கியதாக அவர் பெயர் ஜப்பான் முழுவதும் பரவியது. தலைப்பாகையும் வாளுமாக அவர் அரங்குக்குள் நுழைந்தால் முன்வரிசைக்காரர்கள் நாற்காலிகளை விட்டுவிட்டு ஓடுவார்கள். என்னிடமுள்ள அவருடைய பொம்மையில் தலைப்பாகையின் சுற்றுகள் தனித்தனியாக வடிக்கப்பட்டுள்ளன. கட்டத் தெரிந்தவரின் கையைச் சிற்பி கவனித்திருக்கிறார் என்பது அதில் தெரிகிறது.

எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு, நேரில் போக முடிந்தவர்களுக்கு என் பதில் தோக்கியோவில் உள்ள நக்கானோ பிராட்வே. ஷின்ஜுகுவிலிருந்து சூவோ தடத்து விரைவு ரயிலில் ஒரே நிறுத்தம். நிலையத்தின் வட வாயிலில் இறங்கிக் கூரையிட்ட சன் மால் கடைத்தெருவின் முடிவுவரை நடந்தால் 1966இல் திறந்த அந்தக் கட்டடம் வந்துவிடும். 1980இல் பழைய மங்கா விற்கும் சிறு கடையாக அங்கே தொடங்கிய மண்டராகே, இப்போது பொருளுக்கு ஒரு கடையாக அதே கட்டடத்தில் பரவியிருக்கிறது. கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும் பொம்மையைக் கேட்டால், ஊழியர் சாவியோடு வந்து எடுத்து ஒரு தட்டில் வைத்து, குறைகளைத் தாமே முதலில் சுட்டிக்காட்டும் வழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. புதிய வெளியீடுகளுக்கு, மல்யுத்த ஆட்டங்கள் நடக்கும் கோராகுவென் ஹாலுக்கும் தோக்கியோ டோமுக்கும் அருகில், சுய்தோபாஷியில் உள்ள நியூ ஜப்பானின் 'தோகோன் ஷாப்' உகந்தது. ஆட்டம் பார்க்கப் போகும் நாளிலேயே இரண்டையும் முடித்துவிடலாம்.

விலைச்சீட்டில் 'மிகாய்ஃபூ' என்று எழுதியிருந்தால் உறை பிரிக்கப்படாதது என்று பொருள். அதற்கு விலை கூடும். சோஃபூபி பெரும்பாலும் மேலே அட்டை மடித்துத் தைத்த நெகிழிப் பையில்தான் வரும். என்னைக் கேட்டால், பை பிரித்ததையே வாங்குங்கள். பிரிக்காத பையில் பல ஆண்டுகள் அடைபட்ட வினைலிலிருந்து, அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் கசிந்து மேற்பரப்பு பிசுபிசுத்திருக்கலாம். அதைப் பிரிக்காமல் கண்டுபிடிக்க முடியாது. பாதத்தின் அடியில் பொறித்துள்ள உரிமைக் குறியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் வாங்கியபோது எனக்கு ஒருமுறை கசப்பான அனுபவம் நேர்ந்தது. ஒரு விற்பனையாளரிடம் ஜம்போ ட்சுருட்டாவின் பொம்மையை வாங்கினேன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் கிரேக்க-ரோமானிய மல்யுத்தத்தில் கலந்துகொண்டு, 1989இல் மூன்று பட்டங்களை முதன்முதலாக ஒன்றிணைத்து, 49 வயதிலேயே மறைந்த அந்த மாமனிதரை, பெட்டிகூட இல்லாமல், ஒரு காகித உறைக்குள் நெருக்கித் திணித்து ஆகஸ்ட் மாத வெப்பத்தில் அனுப்பியிருந்தார்கள். உறையைப் பிரித்தபோது வலது கணுக்கால் உள்நோக்கி மடிந்திருந்தது, நிறுத்தினால் விழுந்தது. புகைப்படத்தோடு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பணத்தைவிட, இப்படி அனுப்ப மனம் வந்ததே என்பதுதான் என்னை வருத்தியது.

அந்தக் கணுக்காலை நான் சரிசெய்த விதம், இத்தகைய பொம்மை வைத்திருக்கும் எல்லோருக்கும் பயன்படும். நீரைக் கொதிக்கவைத்து இறக்கி, ஆவி அடங்கும்வரை பொறுத்து, முழங்கால்வரை மட்டும் அதற்குள் பிடித்திருந்தேன். அரை நிமிடத்தில் வினைல் குழைந்துவிட்டது. வெளியே எடுத்து, பாதத்தைத் தட்டையான ஓட்டின்மேல் அழுத்தி நேராக்கி, விரலை எடுக்காமலேயே குளிர்ந்த நீரை ஊற்றினேன். குளிரும் முன்பே பிடியை விட்டால் பழைய வளைவுக்கே திரும்பிவிடும் என்பதால் அவசரப்படக் கூடாது. கையையோ தலையையோ கழற்ற வேண்டியிருந்தாலும் முதலில் முடி உலர்த்தியால் இணைப்பை இளக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த நிலையில் முறுக்கினால் கழுத்து வளையம் கிழிந்துவிடும். பிசுபிசுப்புக்கு, இளஞ்சூடான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு கரைத்து மெல்லிய துணியால் துடைத்தால் போதும். அடர்ந்த வண்ணமுள்ளதை வெளிர் நிறத்துப் பொம்மையோடு ஒட்ட வைத்தால் காலப்போக்கில் சாயம் ஏறும். ஆகவே கவாடாவின் கருப்பு யார் தோளிலும் உரசாமல் பார்த்துக்கொள்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவர், ஒரே ஒரு பொம்மைதான் என்றால், ட்சுருட்டாவையே வாங்கலாம். சில ஆயிரம் யென்னுக்குப் பழைய பிரதிகள் கிடைக்கின்றன. அவர் வலது கை முஷ்டியை உயர்த்தி 'ஓ!' என்று குரல் கொடுத்தால் அரங்கமே சேர்ந்து 'ஓ!' என்னும், அந்தக் கோலத்துக்குத் தோள் மூட்டு ஒன்றே போதும். 1990 ஜூன் 8 அன்று புதோகானில், இரண்டாம் டைகர் மாஸ்காக அணிந்திருந்த புலி முகமூடியைக் கழற்றி ஒரு மாதம்கூட ஆகியிராத மிசாவா அவரை வென்று அடுத்த தலைமுறையைத் தொடங்கிவைத்தார். நேராக்கிய கணுக்காலில் இப்போது உறுதியாக நிற்கும் ட்சுருட்டாவை, கையை உயர்த்தி, மேசையின் வலது ஓரத்தில் அந்தப் பச்சைக்கு எதிரே நிறுத்தியிருக்கிறேன்.